டயரை முடிவு செய்யுங்கள், பிறகு பல்லை எண்ணலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன தை அறுவடையில் நம் பட்டறைக்கு வந்த ஃபோர் வீல் பிக்கப், ஜீப்காரர்களில் பலர் ஒரே குறையைச் சொன்னார்கள். "அண்ணே, வண்டியைத் தூக்கினதுலேர்ந்து இழுவை போச்சு. மூட்டையோட ஆத்தங்கரை ஏற மாட்டேங்குது. கிரவுன் பினியன் மாத்திடலாமா?" கிரவுன், பினியன் என்பவை அச்சுக்குள் ஒன்றையொன்று கடித்துச் சுற்றும் பெரிய, சிறிய பல் சக்கரங்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க அப்போது நேரம் இல்லை. இப்போது வயல் காய்ந்து கிடக்கிறது, கையும் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

வண்டியைத் தூக்கியதால் இழுவை போகாது. ஸ்பிரிங் மாற்றினாலும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஷேக்கிளை நீட்டினாலும் பாடிதான் மேலே போகும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பல் கணக்கில் ஒன்றும் மாறாது. தூக்கிய கையோடு பெரிய டயர் போடுகிறோமே, அதுதான் காரணம். வரப்பில், கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரென்ஷியல் கூடு தட்டாமல் காப்பதும் அந்த டயர்தான். 29 அங்குல உயர டயரை எடுத்துவிட்டு 33 போட்டால் அச்சு 2 அங்குலம் உயரும். பாடியை எவ்வளவு தூக்கினாலும் கூடு பழைய இடத்தில்தான் இருக்கும்.

பல் கணக்கு என்றால் என்ன? கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால், 41-ஐ 11-ஆல் வகுத்து 3.73. இன்ஜின் பக்கத்திலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும். எண் சிறிதானால் அதற்கு நேர்மாறு. பழைய வில்லிஸ் ராணுவ ஜீப்பில் 4.88 இருந்தது. அதற்குப் பின் விவசாயத்தையும் மனதில் வைத்து வந்த சிஜே-2ஏ ஜீப்பில் அதை 5.38 ஆக்கினார்கள், 43-க்கு 8 பல். வேலைக்குத் தகுந்தபடி பல்லை மாற்றுவது ஜீப் பிறந்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம்.

டயர் பெரிதானால், ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் ஓட வேண்டும். மூட்டை ஏற்றிய சைக்கிளுக்குப் பெரிய சக்கரம் மாட்டி மிதிப்பதைப் போலத்தான். 3.73 உள்ள வண்டியில் 29-க்குப் பதில் 33 மாட்டினால், இன்ஜினுக்கு அது 3.28 மாதிரி ஆகிவிடுகிறது. நேர் கியரில், அதாவது இன்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே சுற்றில் ஓடும் கியரில், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்பு இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2150 சுற்று. இப்போது சுமார் 1890. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 60-ல் போகும்போது அது ஏறத்தாழ 1400-க்கு இறங்கிவிடும், ஐந்தாவது கியரில் இன்னும் கீழே. டர்போ டீசலில் அந்தச் சுற்றில் இழுவை சரியாகப் பிறக்காது. ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்கள், புகை வருகிறது, வண்டி வருவதில்லை. கரை ஏற்றத்தில் அரை கிளட்ச்சில் நிற்கிறீர்கள், கிளட்ச் பிளேட் தீய்ந்து நாறுகிறது. "இழுவை போச்சு" என்பது இதைத்தான்.

கணக்கு எளிது. பழைய எண்ணைப் புது டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுத்தால் போதும். 3.73 பெருக்கல் 33 வகுத்தல் 29, வருவது 4.24. கடையில் கிடைக்கும் 4.27-ஐப் போட்டால் வண்டி கம்பெனியிலிருந்து வந்த குணத்துக்குத் திரும்பிவிடும். டயரில் எழுதியிருக்கும் அங்குலத்தை மட்டும் நம்ப வேண்டாம். காற்றைச் சரியாக நிரப்பி, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் ஓடிய தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான அளவு.

இனி எந்த எண் என்ற கேள்வி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள், நாங்களும் ஒருமுறை தவறினோம். சேற்றில் சிக்கிய ஞாபகத்தை வைத்துக்கொண்டு "பெரிய எண்ணாகப் போடுங்க" என்பார்கள். சேற்றுக்குத்தான் ஃபோர் வீலில் லோ கியர் இருக்கிறதே! அந்த ஒரு லீவரைப் போட்டால் இழுவை இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆக்சில் ரேஷியோ, அதாவது மேலே சொன்ன பல் எண், அப்படியல்ல. எல்லா கியரிலும், எல்லா நாளும், தஞ்சாவூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் உங்களோடு வரும். டெல்டாவில் மலைப்பாதை கிடையாது. ஏற்றம் என்றால் ஆற்றங்கரையும் பாலமும்தான். ஆகவே ரேஷியோவை ரோட்டையும் சுமையையும் பார்த்து எடுங்கள், சேற்றைப் பார்த்து எடுக்காதீர்கள்.

31 அங்குல டயர் போட்டு, பெரும்பாலும் ஆள் மட்டும் ஏறும் வண்டி என்றால் 3.73-ஐத் தொடவே வேண்டாம். அந்தப் பணத்தை பிரேக்குக்குச் செலவழியுங்கள். அதே 31-ல் தினமும் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றுபவருக்கு 4.10 பொருந்தும். 33-க்குச் சாதாரண ஓட்டத்துக்கு 4.27, எப்போதும் சுமை என்றால் 4.56. அதற்கு மேலே போகச் சொன்னால் நாங்கள் தயங்குவோம். எண் ஏற ஏறப் பினியன் சிறுத்துப் பல் குறையும், 4.88-ல் பெரும்பாலும் 8 பல்தான் இருக்கும். அதன் வலு குறைவு.

எங்கள் தவறையும் சொல்கிறோம். ஒருவர் 33 டயர் போடப்போவதாகச் சொன்னார், அவர் கேட்டபடி 4.88 மாட்டிக் கொடுத்தோம். பிறகு வீட்டில் பேசி 31 போதும் என்று முடிவாகிவிட்டது. திருச்சி ரோட்டில் 80-ல் போனால் நேர் கியரில் 2600-க்கு மேல் சுற்று, ஒரே இரைச்சல், டீசலும் கரைந்தது. மறுபடி பிரித்து மாற்றினோம். அதிலிருந்து டயர் வண்டியில் ஏறிய பிறகுதான் பல்லுக்கு ஆர்டர் கொடுக்கிறோம்.

முன், பின் இரண்டு அச்சிலும் ஒரே எண் இருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று வேறு ஓரிடத்தில் பின்னால் மட்டும் மாற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டதும் ஒன்றை ஒன்று இழுத்து, முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது. செலவு இரட்டிப்பு என்பது உண்மைதான், அதில் சுருக்க வழி இல்லை. சில அச்சுகளில் எண் ஓர் அளவைத் தாண்டினால் கிரவுனைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டிவரும். அதைத் திறந்து பார்த்துவிட்டு முன்னதாகவே சொல்லிவிடுவோம்.

பல் மாற்றினாலும் தீராதவை உண்டு. 33 டயரை நிறுத்த 29-ஐ விட சுமார் 14 சதவீதம் அதிக பிரேக் விசை வேண்டும். தூக்கியதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ஜாயிண்ட் தேயும். அப்புறம், நம்மூருக்கே உரியது ஒன்று: சூடான அச்சு வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் புதுப் பல்லும் சீக்கிரம் போய்விடும். அச்சுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை உயர்த்திக் கட்டாமல் வண்டியை வெளியே விடுவதில்லை.

சட்டத்தையும் மறைக்க மாட்டோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தூக்குவதற்கும் பெரிய டயருக்கும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டு வாருங்கள்.

புதுப் பல் ஒன்றோடொன்று பழகிப் பதப்பட முதல் 800 கிலோமீட்டர் ஆகும். முதல் நாள் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி ஆறவிடுங்கள், பிறகு மறுபடி ஓட்டுங்கள். அந்த 800 முடியும் வரை சுமை வேண்டாம், டிரெய்லர் வேண்டாம். முடிந்ததும் ஆயிலை மாற்ற வாருங்கள். இதனால்தான் மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருமுன் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்கிறோம். நாற்று விட்ட பிறகு வந்தால் பதம் பார்க்க உங்களுக்குப் பொறுமை இருக்காது.

வருவதற்கு முன், இப்போதுள்ள டயரின் பக்கவாட்டு எண்ணையும் கதவோரத் தகட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். தினமும் எவ்வளவு சுமை, எந்த ரோடு என்று இரண்டு வரி எழுதினால் போதும். மிச்சக் கணக்கை நாங்கள் போட்டுவைக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறையில் உள்ள எல்லோரும்
மன்னார்குடி