செப்ரம்பர் 30: தமிழ் வேலைத்தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவில் தொழில் நடத்தும் தமிழ் உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். செப்ரம்பர் 30, கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளில் தப்பிப்பிழைத்தவர்களையும் வீடு திரும்பாதவர்களையும் நினைவுகூரும் இந்த நாள் 2021 முதல் கூட்டாட்சி விடுமுறை. வங்கி, விமான சேவை, தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. ஒன்ராறியோவின் மாகாண விடுமுறைப் பட்டியலில் அந்த நாள் இல்லை. ஆகவே உங்கள் கடையிலும் அலுவலகத்திலும் அன்று என்ன நடக்கும் என்பது உங்கள் கையில்தான். நினைவு நிகழ்ச்சிக்கு வேலை நேரத்திலேயே ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். சாப்பாட்டு இடைவேளையில் கை வைக்காதீர்கள்.

செப்ரம்பர் நடுவில்தான் பலருக்கும் ஞாபகம் வருகிறது. அவசரமாக இணையத்தில் அந்த நாளின் அடையாளமான செம்மஞ்சள் ரீசேர்ட் வாங்கி, ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அந்த அடையாளம் பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண்ணின் கதையிலிருந்து வந்தது. அவருக்கு ஒரு செம்மஞ்சள் சட்டையைப் பாட்டி வாங்கிக் கொடுத்தார். 1973இல், ஆறு வயதில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் வதிவிடப் பாடசாலைக்குப் போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கவேயில்லை. இன்று மலிவாக விற்கும் ரீசேர்ட்டுகள் சிலவற்றில் பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்களைக் கேட்காமலே அச்சடித்திருக்கிறார்கள். வரைந்தவர் பெயரும் காசு யாருக்குப் போகிறது என்பதும் போடப்படாவிட்டால் வாங்க வேண்டாம்.

பூர்வகுடிப் பேச்சாளர் வேண்டுமென்றால் ஜூனிலேயே கேளுங்கள். அந்த வாரம் எல்லோரும் அவர்களைத்தான் தேடுவார்கள். சன்மானத்தை முதலிலேயே சொல்லி, அன்றைக்கே கையில் கொடுங்கள். பேச வரும் ஒரு பூர்வகுடி மூத்தவரிடம் விற்பனையாளர் படிவத்தை நீட்டி முப்பது நாள் காக்க வைப்பது மரியாதையில்லை. துணைக்கு வருபவரின் போக்குவரத்துச் செலவும் உங்களுடையது. புகையிலை கொடுத்துக் கேட்பது பல சமூகங்களில் முறை, எல்லாவற்றிலும் அல்ல, விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். சடங்காக மூலிகைப் புகை போடுவதாக இருந்தால் கட்டட முகாமையாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். அந்த அறையின் புகை உணரியை அவர்கள் நிறுத்தி வைக்காவிட்டால் பிரார்த்தனை நடுவில் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

உங்களிடம் வேலை செய்யும் பூர்வகுடி ஊழியரைப் பேசச் சொல்லாதீர்கள். அவரது குடும்பத்தில் யார் அந்தப் பாடசாலைகளுக்குப் போனார்கள் என்றும் கேட்காதீர்கள். 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டதே 1990களில்தான். தப்பிப்பிழைத்தவரின் மகளோ பேரனோ உங்கள் பக்கத்து மேசையில் இருக்கலாம். நிகழ்ச்சிக்கு முன்பே வதிவிடப் பாடசாலைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கான 1-866-925-4419 என்ற 24 மணிநேர உதவி இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். நடுவில் எழுந்து போகிறவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.

வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் 92ஆவது நிறுவனங்களுக்கானது. வேலைவாய்ப்பில் சம வாய்ப்பும் ஊழியர், முகாமைக்கான பயிற்சியும் அதில் கேட்கப்படுகின்றன. படம் போடுவதைவிட எங்களுக்கு இதுதான் முக்கியம். ஒக்ரோபரில் ஆட்சேர்ப்பு விளம்பரம் எழுதும்போது, நகரங்களில் வாழும் பூர்வகுடியினருக்குச் சேவை செய்யும், அருகிலுள்ள பூர்வகுடி நட்பு மையத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.