4கே மானிட்டர் வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அல்சூர் அபார்ட்மென்ட் குரூப் ஒன்றில் கிளம்பிய வாய்ஸ் மெசேஜ் விவேக் நகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரு முழுக்கச் சுற்றி, கடைசியில் மச்சான் போனிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. எஸ்.பி. ரோட்டில் நம் கடையில் வாங்கிய 27 இஞ்ச் 4கே மானிட்டரில் மௌஸ் விட்டு விட்டு ஓடுகிறதாம். கேட்க வேண்டிய கேள்விதான், பதிலும் இருக்கிறது. ஆனால் அதோடு விடாமல், "பழைய மானிட்டருக்கு ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிக் குடுத்துட்டாங்க" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

ஸ்டிக்கர் சமாசாரத்தை முதலில் பேசிவிடுவோம். நம் கடையில் சீல் உடைப்பதே உங்கள் கண் முன்னால்தான். பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், மானிட்டர் முதுகில் உள்ளது, பில்லில் எழுதுவது, மூன்றும் ஒன்றுதானா என்று உங்களையே படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்குகிறோம். "இருக்கட்டும்ண்ணா, சீக்கிரம் கட்டுங்க" என்று அவசரப்படுகிறவர்களையும் நிறுத்திப் படிக்க வைத்து, அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். இன்னொன்று: மானிட்டர் தன் திரையில் எத்தனை புள்ளி என்பதை ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்வதில்லை. கேபிள் செருகியதும் தானாகவே லேப்டாப்புக்குத் தகவல் அனுப்பும். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் திறந்தால் 3840 × 2160 (அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளி, அதுதான் 4கே) என்பதற்குப் பக்கத்தில் 'ரெகமண்டட்' என்று காட்டுமே, அது உள்ளே இருக்கும் சர்க்யூட் சொல்வது. முதுகில் என்ன ஒட்டினாலும் அது மாறாது. அந்த மானிட்டரை வாங்கிய சார் வீட்டிலும் அப்படித்தான் காட்டியது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல காபி கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, மௌஸ் ஏன் தடுமாறியது? அதே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே உள்ளே போனால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 தடவைதான் படம் மாறும், என்று இருந்தது. 60 இருக்க வேண்டும். ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே-யில் சுமார் 83 லட்சம், சரியாக நாலு மடங்கு. இதை நொடிக்கு 60 தடவை அனுப்ப, லேப்டாப்பிலிருந்து திரைக்குப் படம் கொண்டு போகும் எச்.டி.எம்.ஐ.யில் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 ஜிகாபிட் தகவல் போக வேண்டும். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 தாங்குவது 10.2 தான், அதனால் 30-இல் நின்றுவிடும். 2013-இல் வந்த 2.0-தான் 18 தாங்கும். கண்ணுக்கு இரண்டு போர்ட்டும் ஒரே மாதிரி. மானிட்டர் எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கிற பெரிய கார் கதைதான்.

அந்த வீட்டில் லேப்டாப்பும் நல்ல லேப்டாப்தான். நடுவில் ஒரு டைப்-சி ஹப், ஒரு டைப்-சி ஓட்டையிலிருந்து பல போர்ட் பிரித்துத் தருகிற சின்னப் பெட்டி. அதன் பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்தில், 30 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில். டைப்-சியில் படம் கொண்டு போகக்கூடிய நாலு ஜோடிக் கம்பிகளில் இரண்டை இந்த மாதிரி ஹப்கள் யு.எஸ்.பி.க்கு எடுத்துக்கொள்ளும். மீதி இரண்டில் என்ன வருமோ அதுதான் திரைக்கு. அந்த ஹப் நம் கடையில் வாங்கியதல்ல. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆனாலும், நம் கடையில் வாங்கியதல்ல. அதைக் கழற்றிவிட்டு டைப்-சியிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு (எச்.டி.எம்.ஐ. மாதிரியே படத்துக்கான இன்னொரு போர்ட்) நேராக ஒரு கேபிள் போட்டேன், 60 வந்துவிட்டது. சாருக்கும் சந்தோஷம். வாய்ஸ் மெசேஜ்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று போன் செய்பவர்கள் விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்திப் பாருங்கள். டூப்ளிகேட்டில் இருந்தால் லேப்டாப்பின் 1366 × 768 படத்தையே பெரிய திரையில் இழுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்டெண்ட் வையுங்கள். அதன் பிறகு எழுத்து பொடியாகத் தெரிந்தால் ஸ்கேல் 150 சதவீதம்.

பழைய லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. 1.4 மட்டும்தான் இருக்கிறது என்றால் 4கே வேண்டாம், அதைவிடப் புள்ளி குறைவான 2560 × 1440 மானிட்டர் வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸில் சுகமாக ஓடும். எனக்கு லாபம் குறைவுதான், பரவாயில்லை. டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே படம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான்.

இதையெல்லாம் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்த தம்பிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. நன்றாக இருக்கட்டும். வேறு ஆள் அமையும்வரை நானே வருகிறேன், ஞாயிறு மட்டும், போய்வர 400 ரூபாய். கவர் பிரித்த கேபிளைத் திரும்ப எடுப்பதும் இப்போதைக்கு இல்லை.

குண்டு மானிட்டரை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போன காலத்திலிருந்து நம் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். அன்று அப்பா கையைப் பிடித்து வந்த பிள்ளைகள் இன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, இரண்டு ஸ்க்ரீன் வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். அந்த வாய்ஸைக் கேட்டுவிட்டு, "நாங்க நம்பலண்ணா" என்று போன் செய்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

மானிட்டர் வாங்க வரும்போது லேப்டாப்பையும் எடுத்து வாருங்கள், கடையிலேயே மாட்டி 60 காட்டித் தருகிறேன். எஸ்.பி. ரோட்டில் வண்டி நிறுத்துகிற பாடு எனக்கும் தெரியும். முடியாதவர்கள் மாடல் நம்பரும், போர்ட் இருக்கும் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி போட்டோவும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்