ஹோட்டல் உரிமையாளர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கல்லாவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மனசில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணத்திலும் சுற்று ஊர்களிலுமாகச் சங்கத்தில் இப்போது 64 பேர். இந்த ஆண்டு ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இரண்டு பேர் கடையை மூடிவிட்டார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் கைதட்டி நிறைவேற்றினோமே மூன்று தீர்மானங்கள், அவை என்ன ஆயின என்று மட்டும் நான் சொல்கிறேன்.

முதலாவது, பொரித்த எண்ணெய். திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்கள், அதாவது மொத்த துருவச் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடை பதிவேடும் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரியாதவர் இங்கே யாருமில்லை. கறுத்த எண்ணெய் ராத்திரி டின்னில் பின்வாசல் வழியாகப் போய், மறுநாள் சாயங்காலம் ஏதோ ஒரு பஜ்ஜி வண்டியின் வாணலியில் கொதிக்கும் என்பதும் தெரியும். இப்போது பயோடீசலுக்கு எண்ணெய் எடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட முகவர் மாதம் இரண்டு முறை வருகிறார். 41 கடைகள் அவரிடம் கொடுக்கின்றன. நாம் திடீரென்று திருந்திவிட்டோம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் ரசீது தருகிறார், உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் எடுத்துக் காட்டலாம். அதனால் நடந்தது. நடந்தவரை சரி.

இரண்டாவது, பார்சல். இதில்தான் ஆண்டு முழுக்கப் பேசினோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. இட்லியை வாழை இலையில் கட்டப் பழகிவிட்டோம். சாம்பாரும் சட்னியும்தான் மாட்டேன் என்கின்றன. கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி நூல் சுற்றுவதை நம் பையன்கள் மூன்று வினாடியில் முடிக்கிறார்கள்.

பாத்திரம் கொண்டு வந்தால் ஐந்து ரூபாய் தள்ளுபடி என்று போர்டு வைத்தோம். முதல் வாரம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எங்கள் கடைக்கு எவர்சில்வர் தூக்குடன் வந்தார். சாம்பாரை ஊற்றியதும் எட்டிப் பார்த்தவர், "என்னப்பா, பாதிகூட இல்ல? கவர்ல நிறைய இருக்குமே" என்றார். அளவு குறையவே இல்லை. கவரை உப்பலாகக் காற்றோடு கட்டுவோம், பார்க்க நிறைய இருக்கும். இத்தனை வருஷம் காற்றை விற்றிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அப்புறம் அளவுக் குவளை வாங்கி, அவர் கண்ணெதிரே அளந்து ஊற்றச் சொன்னேன். இப்போது தினமும் வருகிறார், கூடவே பக்கத்து வீட்டுத் தூக்கும் வருகிறது.

ஆனாலும் போர்டு வைத்த 38 கடைகளில் இன்றைக்கும் போர்டு தொங்குவது 17-ல்தான். நவக்கிரகக் கோயில் சுற்ற வேனில் வருகிறவர்களிடம் தூக்கை எங்கே கேட்பது? டப்பாவைத் திருப்பித் தந்தால் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு மூடி போட்ட டப்பாவில் கொடுத்துப் பார்த்தோம். டப்பா திருநள்ளாறு போய்விட்டது, திரும்பவில்லை.

இலைக் கழிவு பற்றி ஒரு வார்த்தை. எச்சில் இலையை மாட்டுக்கு எடுத்துப் போகிறவர் மார்கழியில் பத்து நாள் வரவில்லை. இலையோடு பல் குத்தும் குச்சியும் ஊறுகாய்ப் பாக்கெட்டும் போனால் எப்படி வருவார்? மாட்டின் வாய் குப்பைத்தொட்டி இல்லை என்று என்னிடம் நேராகவே சொன்னார். மேசை துடைக்கும் இடத்தில் தனியாக ஒரு சின்ன வாளி வைத்தால் போதும்.

மூன்றாவது, தொழிலாளர் தங்கும் அறை. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 12 கடைகளின் அறைகளைப் பார்த்தேன். ஒன்றில் ஒன்பது பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு மின்விசிறி, அதுவும் ஓடவில்லை. அங்கே தங்கியிருப்பவர்தான் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து நம் வாடிக்கையாளருக்கு மாவு ஊற்றுகிறார். பித்தளை டபராவைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைக்கிறோம், தேய்க்கிறவருக்கு ஒரு பாய் தருவதில்லை. வார விடுமுறை சட்டப்படி தர வேண்டியது, நாம் போடும் பிச்சை இல்லை. சப்ளையர் கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, "கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றார் ஓர் உறுப்பினர். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். நான்கு கடைகள் அறையைச் சரிசெய்துவிட்டன. மற்ற எட்டுக் கடைக்காரர்கள் ஆடிக்குள் முடிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடிதங்கள் என் பையில் இருக்கின்றன.

2028-ல் மகாமகம். தற்காலிகக் கடைகளுக்கும் சேர்த்துக் குப்பையையும் எண்ணெயையும் எடுக்க ஏற்பாடு செய்ய, மாநகராட்சியிடம் இப்போதே பேச ஒரு துணைக்குழு வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

மதியம் இலைச் சாப்பாடு. வீட்டுக்குப் பாயசம் எடுத்துப்போக நினைப்பவர்கள் தூக்கு கொண்டு வந்திருக்க வேண்டும். கவர் கிடையாது.

செயலாளர்