சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்பதை நிறுத்திய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டறிக்கையை நான் வாசித்து முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், "நன்றாக இருந்தது, ஆனால் இரங்கற்பா போல இருந்தது" என்றார். இழப்பைச் சந்தித்தவர்கள் கூடும் சங்கத்துக்கு இரங்கற்பா பொருத்தம்தானே என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த ஆண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், அழுதவர்களைப் பற்றிய பதிவுக்குச் சமமாகச் சிரித்தவர்களைப் பற்றிய பதிவும் இருக்கிறது. ஆண்டின் முற்பாதியில் அவற்றுக்குப் பக்கத்திலேயே "மன்னிப்புக் கேட்டார்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பிற்பாதியில் அந்த இரண்டு சொற்கள் அபூர்வமாகி, பிறகு காணாமலே போய்விட்டன. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த அறிக்கையில் சொல்லப்போகிறேன்.

முதலில் வழக்கமானவை. மாதம் இருமுறை கூடினோம். ஒரு கூட்டமும் தள்ளிப்போகவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அவர் வாசிக்கும்போது கண்ணயர்வது சங்கத்தின் மரபு. அதை மாற்றக் கோரி யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. செயற்குழுவில் மாற்றம் இல்லை. முன்வந்தவர் யாரும் இல்லை என்பதே காரணம், எங்கள் திறமை அல்ல.

புதிய உறுப்பினர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அவர் அடுத்த அறையில் நடக்கும் கணினி வகுப்புக்கு வந்தவர். கதவை மாற்றித் திறந்து, எங்கள் நடுவில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கேட்டார். "இங்கே கணினி எப்போது சொல்லித்தருவார்கள்?" என்று கடைசியில்தான் வாயைத் திறந்தார். தவறை விளக்கினோம். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி வந்து, தன் தந்தை இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன, அதைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை, இதற்குக் காலக்கெடு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். இன்றுவரை அவர் கணினி கற்கவில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் எங்களுக்கு இருந்த நோய் குற்ற உணர்வு. சிரிப்பு வந்துவிட்டால் உடனே கண்கள் சுற்றிலும் பார்க்கும். யாராவது கவனித்துவிட்டார்களா என்று தேடும். சிரித்தால் துக்கம் குறைந்துவிட்டது என்று பொருளாகிவிடும், துக்கம் குறைந்தால் அன்பு குறைந்துவிட்டது என்று பொருளாகிவிடும் என்கிற கணக்கு எல்லோர் மனத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. கணவரை இழந்த ஓர் உறுப்பினர் ஒரு நாள் சொன்னார். கணவர் பெயரில் இருந்த கணக்கை மூடுவதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகும் அங்கிருந்தவர், "கணக்குதாரர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்" என்றாராம். இவர், "அவர் வந்தால் தயவுசெய்து முதலில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எனக்கும் அவரிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அறையில் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னித்துவிடுங்கள்" என்றார். யாரிடம் கேட்டார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை.

இதைச் சரிசெய்கிறோம் என்று செயற்குழு செய்த காரியம், இந்த ஆண்டின் பெரிய பிழை. பொறுப்பு எனக்கும் உண்டு. தீர்மானத்தை முன்மொழிந்தவனே நான்தான். சிரிப்புக்கென்று ஒரு மாலையை ஒதுக்கி, பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் நல்ல மனிதர். எங்களை வட்டமாக நிற்கவைத்து, கைகளை உயர்த்தி, "ஹா ஹா" என்று சொல்லச் சொன்னார். சொன்னோம். மகளை இழந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஒரு தாய் இரண்டாவது "ஹா"வில் கைகளை இறக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசல் வரை ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "வருத்தப்படாதே என்று சொல்கிறவர்களிடமிருந்து தப்பித்துத்தான் இங்கே வந்தேன்" என்றார். துக்க வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "இடுக்கண் வருங்கால் நகுக" என்னும் 621-ஆம் குறளைக் கையோடு கொண்டுவருகிறார்கள். "இடுக்கண் வந்தது எனக்கு; நகுவதா வேண்டாமா என்பதை நானல்லவா முடிவுசெய்ய வேண்டும்?" என்று நம் உறுப்பினர் ஒருவர் முன்பே கேட்டிருந்தார். அதை அன்று செயற்குழு கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாய் வருவாரா என்று தெரியாமல் இருந்தோம். வந்தார். ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் அன்றும் வழக்கம்போல் ஏழு மணிக்குத்தான் தொடங்கியது. உட்கார்ந்தபடியே கண்மூடி ஒரு நிமிட அமைதி. அந்த அமைதியின் நடுவில் ஓர் ஆண்குரல், கண்டிப்பாக, மிக அருகில்: "மாத்திரை போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். எழுந்திரு."

அந்தக் கணினி வகுப்பு நண்பர் உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

கணக்கை மூடப் போனாரே, அவருடைய கைப்பையிலிருந்துதான் குரல் வந்தது. மாலை ஏழு மணிக்கு ரத்த அழுத்த மாத்திரையை நினைவூட்டுவதற்காகக் கணவர் தன் குரலையே கைபேசியில் பதிந்து வைத்திருந்தார். அதை எப்படி நிறுத்துவது என்று இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. பையின் உள்ளே சாவிக்கொத்து, கண்ணாடிக்கூடு, மடித்த காகிதங்கள் என்று எல்லாவற்றையும் தள்ளித் துழாவிக்கொண்டிருக்க, குரல் இரண்டாம் முறையும் அதட்டியது. "போட்டுவிட்டேன் ஐயா" என்று, எழுந்து நின்ற நண்பர் பதில் சொன்னார். முதலில் சிரித்தவர், போன கூட்டத்தில் வெளியே போன அந்தத் தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும். கைபேசிக்குச் சொந்தக்காரர் சிரித்து, அழுது, அழுகையின் நடுவே மறுபடி சிரித்து, "அறிமுகம் செய்துவைக்கவில்லையே, இவர்தான் என் கணவர்" என்றார். குறிப்பேட்டில் அன்று யாரும் மன்னிப்புக் கேட்டதாகப் பதிவு இல்லை.

அன்றைக்குப் பிறகு கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது. அதுவரை நாங்கள் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது சட்டம் போட்டு மாட்டிய படத்தைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினோம். எல்லோரும் பொறுமைசாலிகள், எல்லோரும் தங்கமானவர்கள். இப்போது குறட்டை வந்தது, கஞ்சத்தனம் வந்தது, வழி தெரியாமலே வழி சொல்லும் வழக்கம் வந்தது. மகளை இழந்த அந்தத் தாய், அவள் ஒரு குடையைக்கூட வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்றார். தொலைத்தவற்றை வரிசையாக நிறத்தோடு சொன்னார். எங்களுக்கு அந்தப் பெண்ணை அன்றுதான் தெரிந்தது.

என் கதையையும் பதிவுசெய்துவிடுகிறேன். எனக்கு நகைச்சுவை வராது. எங்கள் வீட்டில் அதைத் தம்பி மொத்தமாக எடுத்துக்கொண்டான். நானும் அவனும் கைபேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தோம். அவன் இறந்த அன்று ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. அடுத்த நகர்வு அவனுடையது. இன்னும் மூன்றே நகர்வில் நான் வென்றிருப்பேன். இரண்டு ஆண்டுகளாக அந்த ஆட்டத்தைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லி முடித்துவிட்டு, யோசிக்காமல், "தோற்காமல் இருக்க அவன் எந்த எல்லைக்கும் போவான்" என்றேன். சொன்ன மறுகணம் உடம்பு குளிர்ந்தது. அறையே ஒரு நொடி நின்று, பிறகு வெடித்தது. என் வாழ்க்கையில் நான் சொல்லி ஓர் அறை சிரித்தது அதுவே முதல்முறை. தம்பி இருந்திருந்தால் அது அவன் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அவன் இல்லாததால் என் வாயில் வந்தது.

வாசிப்புக் கூட்டங்கள் மூன்று நடந்தன. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துயரத்துக்குச் சொல்லப்படும் ஐந்து நிலைகளைப் பற்றிய கூட்டத்தில் வாக்குவாதம் அதிகம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில். இழந்து நிற்பவர்களுக்கான படிக்கட்டாக அது பிற்பாடுதான் பரவியது. இதைக் கேட்டதும் ஒருவர், "எனக்கு ஐந்தும் ஒரே காலையில் பல் துலக்குவதற்குள் முடிந்துவிடுகின்றன, மறுநாள் மீண்டும் முதலிலிருந்து" என்றார். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்குட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த கருத்து எங்களுக்கு நெருக்கமாக இருந்தது. துயரில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் ஊசலாடுகிறார், அந்த ஊசலாட்டமே தேறும் வழி என்பது அவர்கள் சொல்வது. நாங்கள் அதைத் தடுமாற்றம் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சிரிப்பைப் பற்றியும் படித்தோம். துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதமானவர்களைப் பேசவைத்து, பேச்சின்போது அவர்கள் முகத்தைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள் உளவியலாளர்களான டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும். 1997-இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணோரத் தசையும் சுருங்கும்படி உண்மையாகச் சிரித்தவர்களிடம் கோபம் குறைவாகவும் பிறரோடு உறவு மேலாகவும் இருந்தது தெரிந்தது. உதட்டளவுச் சிரிப்பு அந்தக் கணக்கில் வராது. நம் பயிற்சி மாலை ஏன் தோற்றது என்று செயற்குழுவுக்குத் தாமதமாகப் புரிந்தது. ராபர்ட் ப்ரொவைன் என்ற ஆய்வாளர், மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார். துணை போன வீட்டில் சிரிப்பும் ஏன் போய்விடுகிறது என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியையான நம் உறுப்பினர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொல்காப்பியம், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை, அதாவது சிரிப்பை, முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறது என்றார். அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் இழவும் ஒன்று. "அடுத்தடுத்த வீடு. நடுவில் சுவர் மெல்லியது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் ஆய்வுகளைப் படித்த எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இரவு அழைப்புத் திட்டம் இந்த ஆண்டு தொடங்கியது. தூக்கம் வராத உறுப்பினர்களை இருவர் இருவராகச் சேர்த்தோம். எந்த நேரத்திலும் அழைக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு விதி: "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்று சொல்லக் கூடாது. ஒரு ஜோடி அதிகாலை மூன்று மணிக்கு இருவருக்கும் பிடிக்காத ஒரு தொலைக்காட்சித் தொடரைச் சேர்ந்து திட்டுவதாகத் தகவல். மறைந்தவர்களின் பிறந்தநாளைக் குறித்துவைத்து அன்று அழைக்கும் வேலையைக் கணினி வகுப்பு நண்பர் ஏற்றுக்கொண்டார். ஊர் மறந்துவிடும் நாள் அதுதான். அவர் இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதுகிறார்.

சிரிப்பு எல்லோருக்கும் மருந்து என்று இந்த அறிக்கையை யாரும் படித்துவிடக் கூடாது. ஓர் உறுப்பினர் மாதங்கள் பல கடந்தும் எழ முடியாமல், உண்ண முடியாமல், எங்களோடு இருந்தும் எங்களைக் கேட்காமல் இருந்தார். நீடித்த துயர நிலையை உலகச் சுகாதார நிறுவனம், 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. அவரோடு ஒருவர் துணைக்குப் போய் மனநல மருத்துவரிடம் சேர்த்தோம். இப்போது தேறிவருகிறார். கூட்டத்தில் இன்னும் சிரிப்பதில்லை. சிரிக்கிறாரா என்று அவரை யாரும் பார்ப்பதும் இல்லை.

ஆண்டின் கடைசிக் கூட்டத்துக்குக் கைபேசிக்காரர் வரவில்லை; காய்ச்சல். ஏழு மணிக்குக் கண்களை மூடினோம். அமைதி, ஒரு முழு நிமிடமும் அமைதியாகவே இருந்தது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், கணினி வகுப்பு நண்பர் பழக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தோம். என்ன செய்வது என்று தெரியாமல் கைபேசிக்காரருக்கே அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டோம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், கம்மிய குரலில், "போட்டுவிட்டேன், எல்லோரும் உட்காருங்கள்" என்றார்.

உட்கார்ந்தோம். கூட்டம் ஏழு மணி மூன்று நிமிடத்துக்குத் தொடங்கியதாகக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

செயலாளர்