பாங் சாயில் உடன் நடந்த சகோதரிக்கு நன்றி

தாய்லாந்தின் அயூத்தயா மாகாணத்தில், சாவ் பிரயா ஆற்றங்கரையில் உள்ள பாங் சாய் கலை, கைவினை மையத்தில், தாய் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் தயங்கி நின்ற என்னையும் அம்மாவையும் தாமாகவே அணுகி, பிற்பகல் முழுவதும் எங்களுடன் நடந்து, எளிய ஆங்கிலத்தில் விளக்கிய அந்தச் சகோதரிக்கு என் மனமார்ந்த நன்றி. அவருடைய பெயரைக் கேட்காமல் வந்தது இன்றும் உறுத்துகிறது.

அரசி சிரிகிட் 1976இல் தொடங்கிய அறக்கட்டளையின் பணியாக, உழவர் குடும்பத்தினருக்குத் தொழில் கற்பிக்க எழுந்த இடம் அது. கோன் என்னும் தாய்லாந்து இராமாயண நாட்டிய நாடகத்தின் முகமூடிகளுக்கிடையே வெண்ணிற அனுமனை அம்மா தாமே அடையாளம் கண்டு கைகூப்பியபோது, அந்தச் சகோதரியும் உடன் கைகூப்பினார்.

யான் லிப்பாவ் என்னும் பெரணிக் கொடியால் கூடை பின்னும் இடத்தில்தான் நெடுநேரம் நின்றோம். தகரத் தகட்டில் பெரிதும் சிறிதுமாக இட்ட துளைகளின் வழியே கொடியின் நாரை ஒவ்வொன்றாக இழுத்து, எல்லா இழைகளையும் ஒரே பருமனாக்குகிறார்கள். பின்னுபவரிடம் அனுமதி பெற்று, ஓர் இழையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார் அவர். தனியே சென்றிருந்தால் ஓர் அழகான கைப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். அதற்குள் இருக்கும் உழைப்பைக் காட்டியவர் அவர்தான்.

முழங்கால் வலித்த அம்மாவின் கையை வாயில்வரை விடாமல் பிடித்து வந்தீர்களே, அக்கா, அம்மா உங்களை நாள்தோறும் நினைக்கிறார்.