அந்தப் படச்சுருள்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களின் ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1950களில், நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடந்த இசை நாடகங்களை முதன்முதலில் அரங்கேற்றிய நடிகர்களையே அழைத்து வந்து, அதே வேடங்களில் தொலைக்காட்சிக்காக மீண்டும் நடிக்கவைத்த பதிவுகளைப் பற்றி எழுதுகிறேன். அவற்றை மங்கிய நகல்கள் என்று ஒதுக்கிவைப்பது தவறு என்பதே என் முறையீடு.

'கிஸ் மீ, கேட்' 1948 டிசம்பர் 30 அன்று மேடையேறியது; ஆல்ஃபிரட் டிரேக்கும் பாட்ரிசியா மோரிசனும் முதன்மை வேடங்களில் நடித்தனர். 1953இல் அது திரைப்படமானபோது ஹோவர்ட் கீலும் கேத்ரின் கிரேசனும் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். டிரேக்கின் குரல் இசைத்தட்டில் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு வசனத்தை முடித்துவிட்டுச் சிரிப்புக்காக எப்படிக் காத்து நின்றார் என்பதை இசைத்தட்டு காட்டாது. 1958 நவம்பரில் 'ஹால்மார்க்' தொலைக்காட்சித் தொடருக்காக அவரும் மோரிசனும் மீண்டும் சேர்ந்து நடித்த ஒளிபரப்பே அதைக் காட்டுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்க நாடகத்தைக் குறைத்தார்கள் என்பது உண்மைதான். பத்தாண்டு மூப்பும் சேர்ந்திருந்தது. அதற்காக அந்தச் சாட்சியத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

'பீட்டர் பேன்' இதனினும் நெருக்கமான சான்று. 1955 பிப்ரவரி 26 அன்று மேடையில் முடிவுற்ற அந்த நாடகம், பத்து நாள்கூட ஆகாமல், மார்ச் 7 அன்று என்பிசி தொலைக்காட்சியில் வண்ணத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. மேரி மார்ட்டினும் சிரில் ரிச்சர்டும் மேடைச் சூடு ஆறாமல் அதில் நடித்தார்கள். 1960இல் வண்ண நாடாவில் பதிவான வடிவமே பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டதால், மக்கள் நினைவில் அதுவே நிலைத்தது. ஆனால் அதில் டார்லிங் வீட்டுப் பிள்ளைகளாக நடித்தவர்கள் வேறு சிறுவர்கள். முதல் ஒளிபரப்பின் வண்ணம் போய்விட்டது. கினஸ்கோப் எனப்படும் கறுப்பு வெள்ளைப் படச்சுருளே எஞ்சியிருக்கிறது.

தொலைக்காட்சித் திரைக்கு முன் படக்கருவியை நிறுத்தி, ஓடும் காட்சியை அப்படியே படச்சுருளில் பிடிக்கும் முறை அது. ஆகவே காட்சி மங்கலாகத்தான் இருக்கும். வண்ணம் பூசி விற்பதைவிட, கிடைக்கும் மிகப் பழைய சுருளிலிருந்து கவனமாக மின்வடிவமாக்கி, விளம்பர இடைவேளைகளையும் நீக்காமல் வெளியிடுவதே நேர்மையான வழி. (அந்த விளம்பரங்களும் அக்காலத்தின் ஒரு துண்டுதான், எனக்கு அவையும் பிடிக்கும்.) எந்த வேடத்தில் முதல் நடிகர் நடிக்கிறார், எதில் மாற்று நடிகர் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 1958இல் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'வொண்டர்ஃபுல் டவுன்' நாடகத்தில் ரோசலிண்ட் ரஸ்ஸல் தம் மேடை வேடமான ரூத்தையே ஏற்றார். தங்கையாக நடித்தவர் வேறொருவர். அந்த இசை நாடகம் திரைப்படமாகவே ஆகவில்லை என்பதால், அதில் ரஸ்ஸல் ரூத்தாகப் பாடி நடித்ததை முழுமையாகப் பார்க்க வேறு வழியும் இல்லை.

பாடல், வசனம், நடனம் ஆகியவற்றின் உரிமைகள் பலரிடம் சிதறிக் கிடப்பதால் வெளியீடு தாமதமாகலாம் என்பதை உணர்கிறேன். அதுவரை, எந்த நாடகத்துக்கு எத்தனை சுருள்கள் உங்களிடம் உள்ளன, எவை முழுமையானவை, எவை அரைகுறை என்ற பட்டியலையாவது பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மேடைப் பாடல்களின் ரசிகர் ஒருவர்