வேர் இல்லாத காளான்

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் சித்திரையில் பதில் போடுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். நான் மட்டும் மூன்று நாளாகக் கஞ்சி குடிக்கிறேன். காரணம் காளான். சிரிக்காமல் மேலே படி.

போன வாரம் இரண்டு இரவு இடியோடு நல்ல மழை. மூன்றாம் நாள் விடிவதற்குள் டார்ச் லைட்டோடு நம் இடத்துக்குப் போனேன். எந்த இடம் என்று எழுத மாட்டேன், தபால்காரர் உள்ளூர்க்காரர். புற்றைச் சுற்றி மண் வெடித்து, மொட்டும் குடையுமாக முப்பதுக்குக் குறையாது. குச்சியால் நெம்பியதும் முழ நீளத்துக்கு வேர் வழுக்கிக்கொண்டு வந்தது. கரையான் உள்ளே கூடு கட்டி வளர்க்கிற பூஞ்சையிலிருந்து அல்லவா கிளம்பி வருகிறது! பால் காளானையும் சிப்பிக் காளானையும் பண்ணையில் வளர்க்கிறவர்கள் இதனிடம் மட்டும் தோற்றுப்போவது அதனால்தான்.

மண்ணைச் சுரண்டிக் கழுவி, கத்தி வைக்காமல் கையாலேயே கிழித்துக் கொடுத்தேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த மிளகு சீரகம். தண்ணீர் ஊற்றவேண்டியதே இல்லை, காளான் விட்ட நீரிலேயே வெந்தது. களியைத் தொட்டுத் தின்றபோது உன் நினைவு வந்தது என்று எழுதினால் பொய். நீ இல்லாததால் பங்கு கூடியது என்றுதான் நினைத்தேன்.

அந்த ஆசைதான் கெடுத்தது. நான்கு நாள் கழித்துத் தென்னந்தோப்புப் புல்லில் ஏழெட்டுப் பெரிய வெள்ளைக் குடைகளைப் பார்த்தேன். பக்கத்தில் புற்று இல்லை. வீட்டில் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "வேர் எங்கே?" "அறுந்துவிட்டது" என்றேன். அறுபட வேரே இருக்கவில்லை, மாப்பிள்ளை. அம்மா செய்வதைப் போல வெள்ளிக்காசைப் போட்டு வேகவைத்தாள். காசு கறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்று அவள் சாப்பிடவில்லை. நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்தது. வாந்தியும் பேதியும் மாறி மாறி. ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க குளுக்கோஸ் ஏற்றினார்கள். மிச்சமிருந்தால் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். மகன் கூடையோடு வந்தான். மொட்டாக இருந்தவற்றின் அடிமடிப்பு வெள்ளைதான். நன்றாக விரிந்திருந்த ஒன்றில் மட்டும் பாசிப்பச்சை. பறித்தபோது திருப்பிக்கூடப் பார்க்கவில்லை நான். வெள்ளிக்காசு எந்தக் காளான் விஷத்தையும் காட்டாது என்றார் டாக்டர். வேறொரு சாதிக் காளான் உண்டாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாதாம். பிறகு வயிறு கலங்கி, சரியாகிவிட்டதுபோல் ஒரு நாள் ஏமாற்றி, கல்லீரலைத் தின்றுவிடுமாம். வேகவைத்தாலும் அதன் விஷம் போகாதாம்.

இதுவரை எழுதியதை ஊரே சொல்லிச் சிரிக்கிறது. யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று பேத்தி மடியில் உட்கார்ந்திருந்தாள். சோற்றில் பிசைந்து ஒரு வாய் அவளுக்கும் நீட்டினேன். "காரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரமில்லாத துண்டாகத் தேடி எடுத்து மறுபடியும் நீட்டினேன். அதற்குள் வாசலில் ஐஸ்காரன் மணி அடிக்க, இறங்கி ஓடிவிட்டாள். நான்கு வயது. கண்ணை மூடினால் நீட்டிய என் கைதான் தெரிகிறது. நாற்பது வருடமாகக் காளான் பறிக்கிறவன் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்!

ஐப்பசி மழைக்குக் கட்டாயம் வா. இனி நான் கொண்டுவரும் எதையும் அடுப்பில் ஏற்ற மாட்டாளாம். நீ பார்த்துப் பறித்தால் மட்டும் சமைப்பாளாம். உன் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை. உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் பழைய பங்காளி